நுரை தள்ளிய பதினைந்து நாட்கள்

இனி என் காருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் நுழையக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டே சபதம் எடுத்தேன். வாய் நிறைய நுரையோடு எடுத்த சபதம். விஷயம் எங்கே போய் முடியும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எனக்கு எதுவுமே உரிய நேரத்தில் உறைக்காது என்பது என் மனைவியின் நீண்ட நாள் கருத்து.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது பத்தொன்பது. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே என்னிடம் வந்துவிட்டது. "அவ உனக்கு மூத்தவ, கொஞ்சம் மரியாதையா கதவைச் சாத்து" என்று கல்யாணமான புதிதில் மனைவியிடம் ஒருமுறை சொன்னேன். அன்று எனக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. பிறகு சொல்வதில்லை. நினைத்துக்கொள்வதோடு சரி.

காரில் ஒரே ஒரு குறை. கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை, ஒரு நீளமான தகரப் பெட்டி ஓடுகிறது அல்லவா, அது துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. மழை பெய்தால் சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் அந்த வழியாக உள்ளே வரும். வந்து நேராக மனைவி கால் வைக்கும் இடத்தில் குளம் கட்டும். டிரைவர் பக்கம், அதாவது என் பக்கம், சொட்டுக்கூட வராது. இது தற்செயல் என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் நம்பத் தயாராக இல்லை.

நான் தண்ணீர் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். வரும் புகார்களுக்கெல்லாம் மனம் நோகாமல் பதில் எழுதி, ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் என் உத்தியோகம். அந்தத் திறமையை வீட்டிலும் பயன்படுத்தினேன். நாலு வருஷமாக அவள் தண்ணீர் வருகிறது என்பாள். நாலு வருஷமாக நானும் ஒரே பதிலைச் சொன்னேன்.

"காலைக் கொஞ்சம் தூக்கி வெச்சுக்கோம்மா. பழகிடும்."

நாலு வருஷம் தூக்கி வைத்துக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. அவள் காலில் புதுச் செருப்பு.

"என்னங்க, என் செருப்பு மிதக்குது."

"மிதந்தா நல்ல செருப்புன்னு அர்த்தம். மட்டமான செருப்பு முழுகிடும்."

வீடு வந்தது. இறங்கினாள். செருப்பைக் கவிழ்த்தாள். தண்ணீர் ஒழுகி முடியும் வரை நிதானமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பேசினாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. இன்னிலேருந்து பதினஞ்சு நாள் கழிச்சு, ஞாயித்துக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு நான் ஈரம் பாப்பேன். பதினாலுக்குக் கீழ இருந்தா இந்தக் காரைப் பத்தி என் ஆயுசுக்கும் வாய் திறக்க மாட்டேன்."

"பதினாலுக்கு மேல இருந்தா?"

"சாவி என் கைக்கு வந்துடணும்."

பதினாலு என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் மனைவி ஒரு தானியக் கிடங்கில் தரம் பார்க்கிறாள். மக்காச்சோளம் லாரி லாரியாக வந்து நிற்கும். இவள் இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஈரமானியோடு போவாள். குத்துவாள். எண் வரும். நூற்றுக்குப் பதினாலு பங்குக்கு மேல் ஈரம் என்றால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பதினொரு வருஷமாக இதே வேலை. மீசை வைத்த வியாபாரிகள் எல்லாம் இவளைப் பார்த்தால் கைக்குட்டையை எடுத்து வேர்வையைத் துடைப்பார்கள். அதுவும் ஈரம்தானே என்று பயந்து கைக்குட்டையை ஒளித்தும் வைப்பார்கள்.

அந்தக் கருவி வீட்டுக்கும் வரும். துவைத்த துணியில் குத்துவாள். குளியலறைச் சுவரில் குத்துவாள். ஒருநாள் குளித்துவிட்டு வந்த என் தலையில் வைத்துப் பார்த்தாள். என்ன எண் வந்தது என்று இன்றுவரை சொல்லவில்லை. சிரிக்க மட்டும் சிரித்தாள்.

"அது சோளத்துக்குப் பாக்கற மிஷின். காருக்கு எப்படி?"

"ஈரம் எங்க இருந்தாலும் ஈரந்தான்."

சாவி அவள் கைக்குப் போனால் என் கார் எங்கே போகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊர் எல்லையில் பழைய இரும்புக் கடை ஒன்று இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கையை நீட்டி, "இடம் காலியா இருக்கு பாருங்க" என்பாள். பத்தொன்பது வருஷம் என்னைச் சுமந்த வண்டியை நசுக்கி ஒரு தகரக் கட்டியாக ஆக்குவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் மறுநாள் காலை அந்தச் சபதம்.

வழியும் கண்டுபிடித்துவிட்டேன். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தை அடைக்க டப்பாவில் ஒரு நுரை வருகிறது. பீச்சினால் பொங்கும். பொங்கிக் காய்ந்தால் கெட்டியாகிவிடும். சுவரையே அடைக்கும் நுரை ஒரு தகரப் பெட்டியை அடைக்காதா? நாலு டப்பா வாங்கினேன். டப்பாவின் முதுகில், "பாதி மட்டும் நிரப்பவும், நுரை தானாக விரியும்" என்று எழுதியிருந்தது. வாங்குகிறவனுக்கு யோசனை சொல்லும் கம்பெனியை நான் நம்புவதில்லை. நானும் அப்படி ஒரு கம்பெனியில்தானே இருக்கிறேன்!

காருக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. துருவினால் வந்த ஓட்டைகள் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பெட்டியின் அடிப்பாகத்தில் விரல் நுழையும் அளவில், அளவெடுத்து வைத்தாற்போல வரிசையாக ஆறு ஓட்டைகள்! கார் செய்தவன் அடைக்க மறந்து அப்படியே அனுப்பியிருக்கிறான்! பத்தொன்பது வருஷமாக ஒருத்தன் கண்ணிலும் படவில்லை! திட்டிக்கொண்டே ஆறையும் அடைத்தேன். அந்தப் பக்கம் போய் இன்னொரு ஆறையும் அடைத்தேன்.

மாடிவீட்டு டிங்கர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். அடிபட்ட கார்களின் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, வெல்டு வைப்பவர். வாயில் பிரஷ்ஷோடு இறங்கி வந்தார்.

"சார், என்ன பண்றீங்க?"

"கம்பெனிக்காரன் விட்ட தப்பைச் சரி பண்றேன்."

"சார், அது தப்பில்ல. உள்ள போற தண்ணி கீழ வடியறதுக்குன்னே வெச்ச ஓட்டை."

"உள்ள போனாத்தானே வடியணும்? நான்தான் உள்ளயே விடலையே."

"தண்ணி எப்படியும் போகும் சார். மேல கண்ணாடி ஓரமா இறங்கும். இந்த நுரை அதைக் குடிச்சு வெச்சுக்கும். வெளிய விடாது. தகரத்துக்கு ஈரத்துணி சுத்தி வெச்ச மாதிரி ஆயிடும். உள்ளுக்குள்ளயே அரிச்சுடும்."

"உங்க தொழிலுக்கு ஆபத்துன்னு சொல்றீங்க. புரியுது."

"இல்ல சார். நுரை இருந்தா வெல்டு வைக்க முடியாது, பத்திக்கும். சுரண்டிச் சுரண்டி எடுக்கணும். அப்புறம் எனக்குத்தான் வேலை ஜாஸ்தி."

என் காரை நான் அடைத்தால் இவருக்கு ஏன் வேலை ஜாஸ்தி ஆகவேண்டும்? அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், இனி பெட்டியையே நிரப்பிவிடுவோம் என்று துரு ஓட்டைக்குள் டப்பாவை அழுத்தினேன்.

பொங்கியது. முதலில் அழகாகத்தான் பொங்கியது. துரு ஓட்டை வழியாக மஞ்சளாக எட்டிப் பார்த்தது. "வாடா ராஜா" என்றேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. தரைவிரிப்புக்கு அடியில் வந்தது. சீட் பெல்ட் புறப்படும் பொந்திலிருந்து வந்தது. கதவு இடுக்கில் வந்தது. நான் கையால் அமுக்கினேன். கை மாட்டிக்கொண்டது. அடுத்த கையால் முதல் கையை இழுத்தேன். இப்போது இரண்டும்.

மனைவி டீயோடு வந்து நின்றாள்.

"டீ வேணுமா?"

"வேணும்."

"எந்தக் கையால வாங்குவீங்க?"

அவளே குடித்துவிட்டாள். அதன் பிறகுதான் ரொட்டி வெட்டும் கத்தியை எடுத்துவந்து என்னை விடுவித்தாள். அவள் பக்கத்துக் கதவையும் அதே கத்தியால்தான் அறுத்துத் திறக்க வேண்டியிருந்தது. உள்ளங்கையில் ஒட்டிய நுரை சோப்புக்கும் போகவில்லை, எண்ணெய்க்கும் போகவில்லை. ஒரு வாரம் ஆபீசில் யாருக்கும் கை கொடுக்காமல் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன். மேனேஜர் எனக்குத் திடீரென்று பணிவு வந்துவிட்டதாக நினைத்துப் பாராட்டினார்.

ஆனால் பாருங்கள், அந்த வாரம் இரண்டு மழை பெய்தது. அவள் காலடியில் ஒரு சொட்டு இல்லை! தரைவிரிப்பு காய்ந்த அப்பளமாக மொறுமொறுத்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

"எங்கே உன் குளம்? கூப்பிடு பார்ப்போம்!"

அவள் விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். சந்தோஷப்படவில்லை. கேள்வி கேட்டாள்.

"தண்ணி எங்க போச்சு?"

"போயிடுச்சு."

"எங்கன்னு கேட்டேன்."

"போயிடுச்சும்மா. போனது எங்க போனா உனக்கென்ன?"

"ஈரம் காணாமல்லாம் போகாதுங்க. இடம் மாறும். பதினோரு வருஷமா அதைத்தான் தேடிட்டிருக்கேன்."

சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்தாள். அவள் கதவைத் திறந்தால், கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துரு ஓட்டை, அதில் நுரை புடைத்துக்கொண்டு தெரியும். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை இங்கதான் குத்துவேன். இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் தெரியாம எங்கயோ குத்திட்டேன்னு சொல்லக் கூடாது."

நியாயஸ்தி என்று மனதுக்குள் மெச்சினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வாரம் சத்தம் ஆரம்பித்தது. வண்டி திரும்பினால் காலுக்கடியில் 'களக்'. பிரேக் போட்டால் 'களக் களக்'. பாதி குடித்த தண்ணீர் பாட்டில் உருள்கிறது என்று சொல்லி ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். "பாட்டில் எங்க?" என்றாள். அடுத்த நாள் ஒரு பாட்டிலை வாங்கி உருட்டி விட்டேன். என் கஷ்டம் உங்களுக்குப் புரிகிறதா?

வியாழக்கிழமை மதியம் ஆபீஸ் வாசலில், வட்டத்துக்குள் இருந்த நுரையில் விரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். முழங்கை வரை வழிந்தது. தண்ணீர் இல்லை, துருக் கஷாயம். டிங்கர் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்திருந்தது. உள்ளே போன தண்ணீர் வெளியே போக ஆறு வழி இருந்தது. ஆறையும் அடைத்த புண்ணியவான் நான்!

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பியதும், நான் லீவு போட்டுவிட்டு, அவளுடைய தலைமுடி உலர்த்தும் மிஷினை ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துக் காருக்குக் காட்டினேன். ஒரு மணி நேரத்தில் மிஷின் புகைந்தது. கார் குளித்துவிட்டு வந்ததுபோல அப்படியே நின்றது. மிஷினைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். அந்தப் புகார் எப்போது வருமோ தெரியாது.

சனிக்கிழமை மதியம்தான் அந்த யோசனை வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அவள் குத்தப்போவது வட்டத்துக்குள். வட்டத்துக்கு வெளியே எப்படி இருந்தால் என்ன? வட்டத்துக்குள் இருந்த ஈர நுரையை ரொட்டிக் கத்தியால் நாலு விரல் ஆழத்துக்குத் தோண்டி எடுத்தேன். மிச்சமிருந்த டப்பாவிலிருந்து ஒரு அட்டைப் பெட்டிக்குள் புது நுரை பீச்சி, வெயிலில் வைத்துக் காயவிட்டு, அச்சு அசலாக வெட்டி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி உள்ளே சொருகினேன். சாக்பீஸ் கோடு ஒரு இடத்தில் அழிந்திருந்தது. அதையும் நானே பொறுமையாகப் போட்டேன். பதினொரு வருஷம் ஈரம் பார்த்தவளை நான் ஒரு மதியத்தில் ஜெயித்துவிட்டேன் என்று சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணி. மனைவி வந்தாள். கதவைத் திறந்தாள். வட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குத்தினாள்.

"ஒம்பது" என்றாள்.

"எவ்வளவு?"

"ஒம்பதுங்க."

நான் குதித்தேன். மாடியைப் பார்த்து, "டிங்கர் சார், ஒம்பது!" என்று கத்தினேன். வாசலில் போன காய்கறி வண்டிக்காரர் மணி கேட்டதாக நினைத்து, "ஒம்பதேகால் சார்" என்று திருத்திவிட்டுப் போனார். மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஆயுசுக்கும் வாய் திறக்க மாட்டேன் என்று சொன்னதை ஞாபகப்படுத்தினேன்.

"திறக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது ஒரு கையில் பக்கெட். இன்னொரு கையில் முழ நீளத்துக்கு ஒரு கூரான இரும்புக் குழாய். சாக்கு மூட்டைக்கு நடுவில் குத்தி, உள்ளே இருக்கும் தானியத்தை வெளியே எடுக்கும் சாமான்.

"அது எதுக்கு?"

"கோடோனுக்கு வர்ற மூட்டை எல்லாமே வாயில ஒம்பதுதாங்க காட்டும். மேல காஞ்சதைப் போட்டு, அடியில நனைஞ்சதைப் போட்டுக் கட்டியிருப்பாங்க."

"வட்டம் போட்டியே! இங்கதான் குத்துவேன்னு சொன்னியே!"

"குத்திட்டேனே. வட்டம் உங்களைப் பாக்கறதுக்கு. இது காரைப் பாக்கறதுக்கு."

பழைய போர்வையை விரித்தாள். படுத்தாள். காருக்கு அடியில் கையை விட்டு, நான் அடைத்த முதல் ஓட்டையில் குழாயைச் சொருகினாள். குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டியது. காப்பி நிறம். பக்கெட்டில் கால்வாசி, அரைவாசி, முக்கால். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கெட் நிறைந்தது. அவள் அடுத்த பக்கெட் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தது நான்தான்.

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, அந்தப் போலி நுரையை இரண்டு விரலால் உருவி எடுத்தாள். பிளாஸ்டிக் தாளைப் பிரித்துப் பார்த்தாள்.

"வேலை சுத்தமா பண்ணியிருக்கீங்க. எங்க வியாபாரிங்களுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது" என்று சொல்லிக் கையை நீட்டினாள்.

சாவியைக் கொடுத்தேன். நான் அழவில்லை, ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணில் ஊசியை வைத்திருந்தால் பதினாலைத் தாண்டியிருக்கும். காரின் முன்பக்கத்தைத் தடவிக் கொடுத்தேன். "இரும்புக் கடைக்காரன்கிட்ட மெதுவா நசுக்கச் சொல்லு" என்றேன்.

"இரும்புக் கடையா? யார் சொன்னா?"

அப்போது டிங்கர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். வேலைக்குப் போடும் நீலச் சட்டை, கையில் கயிறு.

"அக்கா, கட்டி இழுத்துட்டுப் போயிடலாமா?"

"சார், உங்களுக்கு யார் சொன்னது?" என்று டிங்கரைக் கேட்டேன்.

"அக்காதான் சார். பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே வந்து கேட்டாங்க. இந்த ஞாயித்துக்கிழமை விட்டா எனக்குக் கை ஒழியாதுன்னு சொன்னேன். சரி, அன்னிக்கே வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். பதினைந்து நாள் கெடு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

"அப்போ நான் ஒண்ணுமே பண்ணாம இருந்திருந்தா?"

"அப்பவும் ஈரம் பதினாலுக்கு மேலதாங்க இருந்திருக்கும். ரெண்டு பக்கெட் வந்திருக்காது, அவ்வளவுதான்."

மூன்று வாரம் பஸ்ஸில் போனேன். ஒரு சாயங்காலம் வாசலில் ஹாரன் சத்தம். எனக்குத் தெரிந்த ஹாரன். ஓடினேன். என் கார்! கழுவித் துடைத்து நின்றுகொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் என் மனைவி. லைசென்ஸ் எடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது அவளுக்கு. இந்தக் கிளட்ச் என் காலைத் தவிர வேறு காலுக்கு அடங்காது என்று சொல்லி ஒன்பது வருஷமாகத் தட்டிக் கழித்திருந்தேன். கிளட்ச் வெண்ணெயாக அடங்கியிருந்தது.

"ஏறுங்க. ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

ஏறுவதற்கு நான் பழக்கதோஷத்தில் டிரைவர் பக்கம் போனேன். அவள் நகரவில்லை. சுற்றிக்கொண்டு வந்து, இத்தனை நாள் அவள் உட்கார்ந்த பக்கத்தில் ஏறினேன். ஊரே புதிதாகத் தெரிந்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை.

"டிங்கர் எல்லாத்தையும் முடிச்சுட்டாரா?"

"என் பக்கம் முழுக்க முடிஞ்சுது. புதுத் தகடு வெச்சு வெல்டு பண்ணியாச்சு. உங்க பக்கம் நுரையை மட்டும் சுரண்டி எடுத்திருக்கார். அதுக்கே ஒரு வாரம் ஆச்சாம், திட்டினார். தகடு வர ரெண்டு மாசம் ஆகும்."

'உங்க பக்கம்' என்று அவள் எந்தப் பக்கத்தைச் சொல்கிறாள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. சக்கரம் வாரி அடித்தது. காலடியில் சில்லென்று ஏதோ ஊறியது. என் ஒரு செருப்பு மெதுவாக நகர்ந்து, திரும்பி, அடுத்த செருப்பை இடித்தது.

"ஏம்மா, இங்க தண்ணி வருது."

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், வைப்பரைப் போட்டாள்.

"காலைக் கொஞ்சம் தூக்கி வெச்சுக்கோங்க. பழகிடும்."